திருமண நிலை: கட்டாயம் நிரப்பவும்

செருப்ப அங்கனயே விடுங்கண்ணே, எங்க தெருவுல நாய் தூக்காது. உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. பதினோரு மணிக்குன்னுதான சொன்னீங்க, மணி பத்துகூட ஆகலையே? பஸ்ஸு வெரசா வந்துருச்சாக்கும். அருப்புக்கோட்ட வண்டிக்காரங்க அப்படித்தான். மதுரைக்கு வரும்போது பறப்பாங்க, திரும்பிப் போகும்போது ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்னு குசலம் விசாரிப்பாங்க. பரவால்ல. பொண்ணு ரத்தம் டெஸ்ட் எடுக்குற லேப்ல வேல பாக்குறா. பெர்மிஷன் போட்டுட்டுப் பதினோரு மணிக்கு வந்துருவா. அது வரைக்கும் நாம பேசிக்கிட்டு இருப்போம்.

உங்கள அண்ணேன்னு கூப்புடலாம்ல? நீங்க மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். சம்பந்தம் கூடி வந்துச்சுன்னா முறைய மாத்திக்குவோம். கூடி வரலைன்னா அண்ணேன்னே இருந்துட்டுப் போங்க, எனக்கும் கூடப் பொறந்த அண்ணன் கெடையாது.

அது வீட்டம்மா. தமயந்தி. அடுப்படியில இருக்கா. பாத்திரம் விழுகுற சத்தம் கேட்டா பதறாதீங்க, நான் எதையோ கூடப் பேசிட்டேன்னு அர்த்தம். காலையிலயே சட்டம் போட்டுட்டா. 'வர்றவர்கிட்ட மழையப் பத்திப் பேசுங்க. வெலவாசியப் பத்திப் பேசுங்க. டேபிளப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீங்க'ன்னு. மழையே பெய்யல, அதப் பத்தி என்னத்தப் பேச?

நீங்களே கேட்டுட்டீங்க பாத்தீங்களா. டேபிள்னா என்னன்னு. இல்ல, கேக்கல, ஆனா மொகத்துல தெரியுது.

நான் பதினெட்டு வருசமா பூச்சரம் திருமணத் தகவல் நிலையத்துல கம்ப்யூட்டர் பாக்குறேன். சௌந்தரபாண்டின்னா ஆபீஸ்ல பாதிப்பேருக்குத் தெரியாது, 'டேபிள் சார்'னா தெரியும். மதுர, தேனி, திண்டுக்கல், விருதுநகர், நாலு ஊர்ல ஆபீஸ். பையன் வீடு பொண்ணு வீடு எல்லாத்தோட சேதியும் நான் கட்டுன டேபிள்லதான் இருந்துச்சு. கட்டம் போட்ட பெரிய நோட்டுன்னு வச்சுக்குங்க. குறுக்க ஒரு வரிசைன்னா ஒரு ஆளு. மேல இருந்து கீழ ஒரு கட்டம்னா ஒரு சேதி. பேரு, பொறந்த தேதி, நட்சத்திரம், படிப்பு, தொழிலு, திருமண நிலை. எந்தக் கட்டத்துல என்ன வரணும்னு மொதல்லயே தீர்மானம் பண்ணிரணும். தேதிக்கட்டத்துல தேதிதான் வரும். 'ஆடி மாசம், பெருமழை பெஞ்ச அன்னைக்கு'ன்னு எழுதுனா உள்ள வாங்காது. எழுதிப் பாத்தவங்க இருக்காங்கண்ணே.

அப்புறம், ஒரு சேதி ஒரு எடத்துலதான் இருக்கும். மூணு பொண்ணு வச்சிருக்குற ஒரு மனுசன் வீடு மாறுனார்னு வைங்க. மூணு பொண்ணு வரிசையிலயும் போயி விலாசத்த மாத்தணுமா? வேணாம். அப்பாமாருக்குத் தனி டேபிள். அங்க அவருக்கு ஒரு நம்பர். பொண்ணு வரிசையில அப்பா நம்பர் மட்டும் இருக்கும். வேணும்ங்குறப்ப ரெண்டையும் சேத்துப் பாத்துக்கலாம். ஒரு எடத்துல திருத்துனா ஊரெல்லாம் திருந்திரும். சுத்தம்ணே. சுத்தபத்தம்.

இன்னொன்னு, பாதி வேலைங்குறதே அதுல கெடையாது. நிச்சயத்துல தாம்பூலத் தட்டு மாத்துறோம்ல, அந்த மாதிரி. ரெண்டு பக்கமும் வாங்குனாத்தான் மாத்துனது. பையன் வரிசையில நிச்சயக் கட்டத்துல 'ஆச்சு'ன்னு போட்டுட்டுப் பொண்ணு வரிசையில போடுறதுக்குள்ள கரண்ட் போயிருச்சுன்னா, பையனுக்குப் போட்டதும் அழிஞ்சு பழைய நெலமைக்கே வந்துரும். ரெண்டும் நடக்கும், இல்லைன்னா ரெண்டும் நடக்காது. இத நெனச்சா எனக்கு இன்னைக்கும் புல்லரிக்கும்.

கேட்டுச்சா? ஒரு கரண்டி விழுந்துச்சு. கரண்டி ஒண்ணும் பெரிய குத்தமில்ல. குண்டா விழுந்தாத்தான் நிறுத்தணும்.

கொறையே இல்லையான்னு கேப்பீங்க. ஒரே ஒரு தடவ ஒரு சின்ன விசயம் நடந்துச்சு. நட்சத்திரக் கட்டத்தக் கட்டாயம் நிரப்பணும்னு வச்சிருந்தேன். காலியா விட்டா மேல போக விடாது. வர்றவங்கள்ல பாதிப்பேருக்கு நட்சத்திரம் தெரியாது, ஊருக்குப் போயி ஜாதகத்தப் பாத்துட்டு வந்து சொல்றேம்பாங்க. கம்ப்யூட்டர்ல ஏத்துற புள்ளைங்க என்ன பண்ணிருச்சுங்க? பட்டியல்ல மொத பேரு அசுவினி. அதையே தட்டி விட்டுருச்சுங்க. ஒரு நாள் எங்க ஆபீஸ் ஜோசியர் ஓடி வந்தார். 'சார், நம்ம ஆபீஸ்ல ஒம்பதாயிரம் பேர்ல நாலாயிரத்து எறநூறு பேரு அசுவினி. இந்த ஜில்லாவுல ஏதோ நடந்திருக்கு'ங்குறார். அவர் அதுக்கு ஒரு பரிகாரம்கூட எழுதிட்டார். நான் சொன்னேன், ஜோசியரே, டேபிள்ல ஒரு கட்டம் காலியா இருக்கா பாருங்க. இல்லைன்னார். அப்ப டேபிள் மேல தப்பில்லைன்னேன்.

தொழில்லயும் அப்படித்தான். பதினாலு தொழில் பட்டியல் போட்டு வச்சிருந்தேன். ஒருத்தன் வந்தான், காலையில பால் ஊத்துறான், பகல்ல மேளம் கத்துக் குடுக்குறான், சாயங்காலம் டூவீலர் பழக்கி விடுறான். நான் 'மற்றவை'ன்னு போட்டேன். பொண்ணு வீட்டுல கேட்டாங்களாம், மற்றவைன்னா என்ன வேல, சம்பளம் எம்புட்டுன்னு. நல்ல பையன். ரெண்டு வருசம் மற்றவையிலயே இருந்தான்.

இப்படி ஒழுங்கா போயிக்கிட்டு இருந்த எடத்துலதான் ஜெபசீலி வந்தா. போன வருசம். நாகர்கோயில் பொண்ணு. மொதலாளி சொக்கலிங்கம் இருக்காரே, அவருக்கு யாரோ சொல்லிட்டாங்க, இனிமே சனங்க வீட்டுல இருந்தே போன்லயே பதிவாங்க, லச்சக்கணக்குல வருவாங்க, பழைய ஏற்பாடு தாங்காதுன்னு. ஒடனே அவளக் கூட்டிட்டு வந்து என் சீட்டுக்கு எதுத்தாப்புல உக்கார வச்சுட்டார்.

வந்த அன்னைக்கே கேக்குறா. 'சார், ஒரு ஆளுக்கு எதுக்கு இத்தன கட்டம்? அவங்க சொல்லுகத அப்படியே வாங்கி வச்சுருவோமே?' நான் சிரிச்சேன். அப்படியே வாங்கி வச்சா அதுக்குப் பேரு டேபிள் இல்லம்மா, குப்பத்தொட்டின்னேன். அவ கோவப்படல. டேபிளே இல்லாத வகை ஒண்ணு இருக்குன்னு படம் போட்டுக் காட்டுனா. அதுலயும் நாலு பிரிவு இருக்காம்ணே. கல்யாண ஆபீஸ்ல மனுசனுக்குத்தான் பிரிவுன்னு பாத்தா கம்ப்யூட்டருக்குமா! ஒண்ணு, கோயில்ல செருப்பு விடுறோம்ல, அந்தக் கணக்கு. டோக்கன் குடுத்தா செருப்பு வரும், யார் செருப்பு, என்ன செருப்புன்னு கேக்காது. இன்னொண்ணு யாருக்கு யாரு என்ன வேணும்னு வல பின்னி வைக்கிறது. இப்படிச் சொல்லிக்கிட்டே போனா. கடைசியில அவ எடுத்தது எது தெரியுமா? பொட்டலம். அவ அதுக்கு இங்கிலீஷ்ல டாகுமென்ட்டுன்னு பேரு சொல்லுவா. எனக்குப் பொட்டலம்தான்.

ஒரு ஆளுக்கு ஒரு பொட்டலம். உள்ள என்ன இருக்கணும்னு சட்டமே இல்ல. ஒருத்தன் பொட்டலத்துல ஆறு சேதி இருக்கும், பக்கத்துல இருக்குறவன் பொட்டலத்துல அறுபது. நட்சத்திரம் தெரியலையா, அந்தப் பேச்சே இருக்காது. அப்பா விலாசமும் பொண்ணு பொட்டலத்துக்குள்ளயே கெடக்கும். மூணு பொண்ணுன்னா மூணு பொட்டலத்துலயும் கெடக்கும். வீடு மாறுனா என்னடி பண்ணுவன்னு கேட்டேன். 'மூணையும் மாத்தணும் சார். அது கஷ்டந்தான். ஆனா ஒரு பொண்ண எடுக்கும்போது நாலு எடத்துல தேட வேண்டாம்லா, ஒரே எடுப்புல வந்துரும்லா?'ங்குறா. ஒத்துக்கிறா பாருங்க, கஷ்டந்தான்னு! ஒத்துக்கிட்டே செய்யுறா!

ஆளு கூடுனா என் டேபிளுக்கு இன்னும் பெரிய மெஷினா வாங்கணும். அவ சின்னச் சின்ன மெஷினா பக்கத்துல அடுக்கிக்கிட்டே போலாங்குறா. நாலு ஊர்லயும் ஒண்ணொண்ணு. ஒரு மெஷின் படுத்தாலும் மத்தது வேல செய்யுமாம். சரி, மதுர மெஷின்ல மாத்துனது தேனி மெஷினுக்கு எப்பத் தெரியும்னு கேட்டேன். 'கொஞ்ச நேரத்துல தெரிஞ்சுரும் சார்'ன்னா. கொஞ்ச நேரம்னா? 'கொஞ்ச நேரம்'ன்னா. கல்யாண விசயத்துல கொஞ்ச நேரம்னு ஒண்ணு இருக்கா அண்ணே? முகூர்த்தம்னுதான இருக்கு?

நான் நெனச்ச மாதிரியே நடந்துச்சு. பழங்காநத்தத்துல ஒரு பொண்ணுக்கு நிச்சயம். மதுர ஆபீஸ்ல காலையிலயே ஏத்தியாச்சு. தேனி ஆபீஸ்ல அன்னைக்குப் பூரா நெட் லைன் இல்ல. தேனி மெஷின் அந்தப் பொண்ணு இன்னும் தயாரா இருக்குன்னே சொல்லுது. போடிநாயக்கனூர்ல இருந்து ஒரு குடும்பம் வேன் எடுத்து, பழம், பூவோட, பதினோரு பேரு பொண்ணு பாக்கக் கெளம்பிட்டாங்க. வந்து எறங்குனா வாசல்ல வாழமரம்! 'பரவால்லையே, நம்மள எப்படி வரவேக்குறாங்க பாரு'ன்னு பையனோட அப்பா சொல்லிக்கிட்டே உள்ள போயிருக்கார். அங்க தட்டு மாத்திக்கிட்டு இருக்காங்க. இந்தப் பையன் நேரா போயி மொத வரிசையில உக்காந்துட்டான். நிச்சயமான மாப்பிள்ள, யாரோ பொண்ணோட தம்பி போலன்னு இவனுக்கு வணக்கம் வச்சிருக்கான்.

நான் அன்னைக்கு மத்தியானம் ரெண்டு தடவ சாப்புட்டேன், அம்புட்டு சந்தோசம். மொதலாளிகிட்டப் போயி, பாருங்க பொட்டலத்தோட லச்சணத்தன்னேன். ஆனா பாருங்கண்ணே, வந்தவங்கள எப்படிப் பட்டினியா அனுப்புறதுன்னு அந்த வீட்டுக்காரங்க எல போட்டிருக்காங்க. பரிமாறுன பொண்ணு கல்யாணப் பொண்ணோட சித்தி மக. போடிநாயக்கனூர்ப் பையன் மூணு தடவ சாம்பார் வாங்கியிருக்கான். ஆவணியில அவங்களுக்குக் கல்யாணம். பத்திரிகையில மொதல்ல ஜெபசீலிக்கு நன்றி போட்டிருந்தாங்க. நாட்டுல நியாயமே கெடையாதுண்ணே.

அதுக்கப்புறம் அவளும் கொஞ்சம் திருந்துனா, அதையும் சொல்லணும்ல? பொய் சொல்லக் கூடாது. கட்டுற பணத்துக்குக் குடுக்குற ரசீத என் டேபிள்ல இருந்து தொடவே இல்ல. 'ரசீது ஒங்ககிட்டயே இருக்கட்டும் சார், அதுல பாதி வேல ஆவாது. இனிமே பதியிற மனுசங்க எங்கிட்ட வரட்டும்'ன்னா. பதினெட்டு வருசம் ஒம்பதாயிரம் குடும்பத்தப் பாத்தவன நீ ரசீதப் பாருன்னு சொல்லிட்டா.

சரி, நீங்க பொண்ணப் பத்திக் கேக்க வந்திருக்கீங்க. நானே சொல்லிர்றேன். எங்கிட்ட ஒளிவு மறைவு கெடையாது.

மூணு வருசத்துக்கு முந்தி வைகாசியில லோசனிக்குக் கல்யாணம் வச்சோம். மீனலோசனின்னுதான் பேரு, லோசனின்னு கூப்புடுறது. திருநகர்ல மண்டபம். மணையில உக்காந்தாச்சு. கெட்டிமேளத்துக்கு இன்னும் பத்து நிமிசம். எந்திரிச்சா. மாலையக் கழட்டி மணையில வச்சா. மேடைய விட்டு எறங்கி நேரா எங்கிட்ட வந்து, 'வீட்டுக்குப் போவோம்ப்பா'ன்னா. நான் 'சரிம்மா'ன்னுட்டு வாசலுக்குப் போயி ஆட்டோவக் கூப்புட்டேன். அம்புட்டுத்தான். பின்னாடி என்ன சத்தம், யாரு யாரத் திட்டுனாங்க, ஒண்ணும் எனக்குத் தெரியாது. ஆட்டோக்காரன்தான் பாவம், பட்டுச் சேலையோட ஒரு பொண்ணு ஏறவும் கூட்டிட்டு ஓடுறோமோன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தான்.

ஏன் எந்திரிச்சான்னா கேக்குறீங்க? அது... அது நான் கேக்கலண்ணே. ஊர்ல நூறு பேரு கேட்டாங்க. நானும் ஒருத்தனா போயி நிக்கணுமா? சொல்லணும்னா சொல்லுவா. சொல்லல. விட்டுட்டேன்.

ஆறு மாசம் கழிச்சு அவளை ஆபீஸ் டேபிள்ல நானே ஏத்துனேன். அங்கதான் ஒரு சிக்கல். திருமண நிலை. அதுல மூணே நம்பர். ஒண்ணு, மணமாகாதவர். ரெண்டு, துணையை இழந்தவர். மூணு, மணமுறிவு பெற்றவர். கட்டாயம் நிரப்பணும். இவளுக்கு எதப் போட? ஒண்ணு போட்டா நடந்தத மறைச்ச மாதிரி. என் டேபிள்ல ஒரு பொய் இருக்கக் கூடாது, என் பொண்ணா இருந்தா என்ன? மணம் ஆகல, வாஸ்தவம். ஆனா முறிஞ்சது நெசம். அரை நாள் யோசிச்சு மூணுன்னு போட்டேன்.

குண்டா விழுந்துருச்சு. தமயந்தி, நான் சொல்லத்தான் போறேன்! அவருக்கும் தெரியட்டும்!

மூணாம் நம்பருக்கு எப்படி வரன் வரும்ணே? மூணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும்தான் வரும், நான் அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன். ஒருத்தர் வந்தார், நாப்பத்தாறு வயசு. அவரோட மூத்த பையன் லோசனிகிட்ட 'அக்கா, தண்ணி குடுங்க'ன்னான். இன்னொருத்தர் மொத சம்சாரத்தோட போட்டோவ மடியில வச்சுக்கிட்டே காபி குடிச்சார். தமயந்தி அப்ப எங்கிட்ட மூணு வாரம் பேசல. சோத்த வச்சுட்டுப் போயிருவா, கொழம்பு கேட்டா காது கேக்காது. நாலாவதா ஒரு நம்பர் போடக் கூடாதான்னு மொதலாளியே கேட்டார். 'முகூர்த்தத்துக்கு முன் நின்றது'ன்னு ஒண்ணு. அதெப்படிண்ணே முடியும்? அச்சடிச்ச பாரம் அஞ்சாயிரம் கெடக்கு. நாலு ஆபீஸ்லயும் மாத்தணும். டேபிள்ல இருந்து வரனத் தேடி எடுக்க நான் எழுதி வச்ச கேள்விய இருபத்தி ரெண்டு எடத்துல திருத்தணும். ஒரே ஒரு ஆளுக்காக டேபிள மாத்துனா, என் பொண்ணுங்கறதால மாத்துனான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்ல மாட்டான்? அவகிட்டயும் இத வெளக்கிச் சொன்னேன். 'விடுங்கப்பா. ஒங்க கட்டத்துல எனக்கு எடமில்ல'ன்னு சிரிச்சா. அவளாவது புரிஞ்சுக்கிட்டாளேன்னு நெனச்சேன்.

போன மாசம் ஒரு நாள் எனக்குச் சாப்பாடு குடுக்க ஆபீஸுக்கு வந்தா. குடுத்துட்டுப் போயிருக்கலாம்ல? ஜெபசீலி பக்கத்துல போயி உக்காந்துட்டா. நாப்பது நிமிசம் ரெண்டும் தலையோட தல ஒட்டிக்கிட்டுச் சிரிக்குதுங்க. சாயங்காலம் பாக்குறேன், என் டேபிள்ல ஏழாயிரத்து எறநூத்திப் பதினொண்ணாம் வரிசையக் காணோம். என் பொண்ணக் காணோம்ணே! முறைப்படி மனுக் குடுத்துத் தன்னை நீக்கிட்டு, அந்தப் பக்கம் போயிப் பொட்டலமாயிட்டா. மூணு தடவ திரும்பத் திரும்பத் தேடுனேன். மண்டபத்துல அவ எந்திரிச்சு வந்தப்பகூட நான் இப்படிப் பதறல.

அவ என்ன எழுதுனான்னா? நான் படிக்கல. படிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. கட்டமே இல்லாதத எங்க இருந்து படிக்கிறது? படிக்கணும்னு தோணல, அவ்வளவுதான். பத்தே நாள்ல உங்க அக்கா மகன்கிட்ட இருந்து சேதி வந்துருச்சு. பையனுக்கு மில்லுல மெஷின் பாக்குற வேலையாம்ல? நல்ல வேல. அப்புறம் ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க போல. இப்ப நீங்க வந்திருக்கீங்க.

கேளுங்கண்ணே, உங்களுக்கு என்ன சேதி வேணும்? எல்லாம் எனக்கு அத்துப்படி. பொறந்தது தொண்ணூத்தஞ்சு, கார்த்திக மாசம். ஒயரம் அஞ்சடி மூணு. நட்சத்திரம் அனுஷம். ரத்தம் ஓ பாசிட்டிவ். படிப்பு...

ஒண்ணும் வேணாமா? எல்லாம் தெரியுமா? எப்படி?

வீட்டுல எல்லாரும் உக்காந்து படிச்சீங்களா? சத்தமாவா? உங்க அக்கா ரெண்டாவது தடவ படிக்கச் சொன்னாங்களா? அப்படி என்னண்ணே எழுதியிருக்கா? போன்ல இருக்கா? குடுங்க. இல்ல, குடுங்க, என் பொண்ணு எழுதுனதுதான. கண்ணாடி... இந்தா இருக்கு.

'பெயர் மீனலோசனி. வயது முப்பது. ரத்தம் எடுக்கிறது வேலை. ஊசி குத்தினதே தெரியலைன்னு சொல்லிட்டு என்னைத் தேடி வர்ற பாட்டிமார் பதினேழு பேர் இருக்காங்க. நட்சத்திரம் அனுஷம். நெசமாவே அனுஷம்.' நக்கலப் பாத்தீங்களா. 'ரசம் நல்லா வைப்பேன். சாம்பார் அன்னன்னைக்கு அதிர்ஷ்டம். சத்தமாச் சிரிப்பேன்.' இதுக்கெல்லாம் ஏதுண்ணே கட்டம்?

'கல்யாணம்: ஒருமுறை மணையில் உக்காந்து, தாலி கட்டுறதுக்குப் பத்து நிமிஷம் முன்னால நானே எழுந்து வந்தேன். காரணம்: மாப்பிள்ளை என் மடியில இருந்த போனைக் கேக்காம எடுத்து, இனிமே இது அம்மாகிட்ட இருக்கட்டும்னு அவங்க அம்மா பையில போட்டார். திருப்பிக் கேட்டேன். இனிமே உனக்கு எதுக்குன்னு சிரிச்சார். பக்கத்துல எல்லாரும் சிரிச்சாங்க.'

போனா? ஒரு போனுக்காகவா...

இல்ல. போனுக்காக இல்ல. கேக்காம எடுத்திருக்கான்ல. இவளக் கேக்காம இவளுக்கு என்ன வேணும்னு அவனா முடிவு பண்ணியிருக்கான்.

இருங்கண்ணே. நானும் அவளக் கேக்காமத்தான மூணுன்னு போட்டேன்?

தமயந்தி. ஏய் தமயந்தி. இது உனக்குத் தெரியுமா? அன்னைக்கு ராத்திரியேவா? நீ கேட்டியா? கேட்டாளாம்ணே. கேட்டதும் சொன்னாளாம்.

இன்னும் இருக்கா? கீழ தள்ளணுமா? ஆமா. 'அப்பா: நல்லவர். அன்னைக்கு ஒரு கேள்வி கேக்காம ஆட்டோ கூப்பிட்டார். வேற எந்த அப்பாவும் அப்படிச் செஞ்சிருக்க மாட்டார். ஆனா அப்புறமும் கேக்கவே இல்லை. ஒருநாள் கேப்பார்னு மூணு வருஷமா காத்திருக்கேன். கேட்டா சொல்வேன். என்னைக் கட்டிக்கிறவர் எதுவா இருந்தாலும் கேக்கணும், கேக்காம அவரா எழுதிக்கக் கூடாது.'

கண்ணாடியில ஏதோ தூசுண்ணே. ஒண்ணுமில்ல.

உங்க அக்கா மகன் என்ன கேட்டான் மொத நாளு? மெனக்கெட்டு இதத்தான் கேட்டானா? 'எழுதியிருக்கத நான் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேனா, நீங்க ஒரு தடவ சொல்லுங்க'ன்னானா? எழுதி வச்சதத் திருப்பிக் கேட்டானா... நல்லாப் பொழைப்பான்ணே அந்தப் பையன்.

ஸ்கூட்டி சத்தம் கேக்குதா? அவதான். இந்தாங்க, போனப் பிடிங்க, உள்ள வைங்க. நான் படிச்சதாக் காட்டிக்காதீங்க. தெரிஞ்சு போச்சே, இனிமே எதுக்குன்னு பாக்குறீங்களா? தெரியுறது வேறண்ணே. நான் கேக்கணும்னுதான அவ எழுதியிருக்கா. நீங்க சாட்சிக்கு உக்காந்திருங்க.

வாம்மா. அருப்புக்கோட்டையில இருந்து மாமா வந்து ஒரு மணி நேரமாச்சு. மொகம் கழுவ அப்புறம் போலாம். பையக் கீழ வையி. இப்படி, எனக்கு எதுத்தாப்புல உக்காரு.

ஏம்மா லோசனி, அன்னைக்கு ஏம்மா எந்திரிச்சு வந்த?